ஐந்தாவது பக்கம்

அந்த இணையப் பக்கத்தை எழுதி முடித்த அன்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. முழுப் பொய். தலைப்பில் தொடங்கிக் கடைசி வரி வரை ஒரு வார்த்தை உண்மை கிடையாது. ஆனாலும் எப்படி எழுதியிருந்தேன்! 'நீலத் தொட்டியில் நின்ற தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி குறைகிறது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே சரிந்துகொண்டே போகும் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் போட்ட டாக்டர் ஒருவரின் படம். படத்துக்குக் கீழே 'பிரபல மருத்துவர்' என்று மட்டும் போட்டேன். பெயர் போடவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

டாக்டர் வேறு யாருமில்லை, என் கொழுந்தன். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். முன்பு ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலையில் இருந்தபோது கொடுத்த வெள்ளைக் கோட்டு பீரோவில் கிடந்தது. கண்ணாடி என் கணவருடையது. "டாக்டர்னா சிரிக்கணுமா, முறைக்கணுமா அண்ணி?" என்று கேட்டான். அடுத்த ஆளை உள்ளே அனுப்பு என்கிற மாதிரிப் பார் என்றேன். அப்படியே பார்த்தான். பிறவி டாக்டர் கெட்டான்.

எல்லாம் ஒரு பாடத்துக்காக. எட்டாம் வகுப்புக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். ஆனால் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஆண்டும் கோடை விடுமுறை வரும்போது அடுத்த ஆண்டு நான் இருப்பேனா மாட்டேனா என்று தெரியாது. இந்த முறை ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. கல்வி அதிகாரி ஒருவர் வந்து என் வகுப்பில் ஒரு பாடம் உட்கார்ந்து பார்ப்பார். அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு. என் கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடும் தறுவாயில் இருந்தது. எங்கள் வீட்டில் நிலையான வேலை என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால் அது என்னுடையதாகத்தான் இருக்க முடியும். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

தலைமையாசிரியைதான் இணையத் தேடல் பாடம் என்று சொன்னார். ஆசிரியர் ஒரு கேள்வி கொடுப்பார், படிக்க வேண்டிய இணையப் பக்கங்களையும் கொடுப்பார். பிள்ளைகள் குழுவாகப் பிரிந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, படித்து ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதிகாரிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதல் சிக்கல் கணினி அறை. பாதிக் கணினிகள் உயிரோடு இருந்தன, மீதி துணி போர்த்திப் படுத்திருந்தன. அறைக்குப் பொறுப்பாளரைப் பிள்ளைகள் 'பாஸ்வேர்ட் சார்' என்பார்கள். தலைமையாசிரியை வரம் கொடுத்தாலும் இவர் கொடுக்க மாட்டார். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்ல மாட்டார். உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு தானே ஒவ்வொன்றிலும் தட்டுவார். அவர் கடைசிக் கணினிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் கணினி தூங்கிவிடும். அப்புறம் பள்ளியின் இணையக் காவல். 'குடல் புழு' என்று தேடியதற்கு, தகாத பக்கம் என்று தடுத்துவிட்டது. எந்தக் குடலைக் கண்டு பயந்ததோ.

அதனால்தான் பிள்ளைகளைத் தேடவிடாமல் நானே ஐந்து பக்கங்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். கேள்வி: 'நம் பள்ளிக் கூரையில் இருக்கும் தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாமா?' எங்கள் தொட்டி நீலம். வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தாலே தெரியும். நான்கு பக்கங்கள் இணையத்தில் கிடைத்தவை. ஐந்தாவது, ஒரு இலவசத் தளத்தில் நானே ஏற்றிய என் கைவண்ணம். பிள்ளைகள் எதையும் அப்படியே நம்பாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று கணினி அறைக் கரும்பலகையில் நான்கு கேள்விகளையும் எழுதிப் போட்டேன். யார் சொல்கிறார்? ஏன் சொல்கிறார்? எப்போது சொன்னார்? ஆதாரம் என்ன? எல்லோரும் முத்து முத்தாக எழுதிக்கொண்டார்கள். அடிக்கோடுகூடப் போட்டார்கள்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. ஒரு கணினிக்கு ஐந்து பேர். ஒருத்தி தட்டுவாள், இன்னொருத்தன் தட்டுவதற்குச் சண்டை போடுவான், மற்ற மூவரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். நான்கு நல்ல பக்கங்கள் திறப்பதற்குள் உயிர் போய்விட்டது. என்னுடையது சின்னப் பக்கம், கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அதோடு படமும் உண்டு, வண்ணக் கோடும் உண்டு. பிறகு கேட்க வேண்டுமா? அத்தனை குழுவும் அதன் மேலேயே போய் விழுந்தது. பாஸ்வேர்ட் சாரும் ஒரு நிமிடம் நின்று வாசித்துவிட்டு, "எங்க வீட்லயும் நீலம்தான் மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

ஒருவராவது கண்டுபிடிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பு முடிவில் உடைத்துச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் தலைமையாசிரியையிடம் திட்டத்தை முன்பே சொல்லியிருந்தேன். அந்த அதிர்ச்சி அதிகாரியின் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை அதிகாரி வரும்போது பிள்ளைகள் அதே பக்கத்தை அந்த நான்கு கேள்விகளோடு மறுபடி திறப்பார்கள், பொய் பிடிபடும், எல்லோரும் கை தட்டுவார்கள். எனக்கும் அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் உண்டு. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'சரிங்க' என்பார்கள். எதைச் சொன்னாலும் "சரிங்க மிஸ்" என்பாள். வீட்டுப்பாடம் கூடுதலாகக் கொடுத்தாலும் சரிங்க மிஸ், தப்பே செய்யாமல் திட்டு வாங்கினாலும் சரிங்க மிஸ். முதல் மதிப்பெண் அவளுடையதுதான். ஆனால் இத்தனை நாளில் ஒரு கேள்வி கேட்டதில்லை. குழுவில் அவளுக்கு மருத்துவர் வேடம் கொடுத்திருந்தேன். என் கொழுந்தனின் படத்தை அச்செடுத்து, குழுவின் முடிவை எழுதும் அட்டையில் நடுவில் ஒட்டி, சுற்றிலும் பூ வரைந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கைகழுவும் இடத்தைக் கடந்து போனேன். வழக்கமாக அங்கே தண்ணீர்க் குழாயில் தள்ளுமுள்ளாக இருக்கும். அன்று குழாய் சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பொடியர்கள் இரண்டு பேர் குழாயைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். வெயில் தணிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலை வரிசையில் நின்றபடியே சரிங்க மயங்கி விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினோம். உதடு வெடித்திருந்தது. யாரோ ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே வைத்தார்கள். கண்ணைத் திறந்தவள் டம்ளரைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த என் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். மிஸ் கொடுத்தது என்று மடமடவென்று முழுவதையும் குடித்தாள். எங்கள் வீட்டுத் தொட்டியும் நீலம்தான். அதை நான் சொல்லவில்லை.

"அந்தப் பக்கத்துல இருக்கறத நம்பாத. தண்ணி குடி, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றாள்.

மதியம் அவள் பையைப் பார்த்தேன். நான் சொன்னதற்காகப் பள்ளித் தண்ணீர் பிடித்திருந்த பாட்டில் கழுத்து வரை அப்படியே நிறைந்திருந்தது.

நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். இப்போதே வகுப்பில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்காகப் பதறினார், வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாம் என்றார். ஆனால் இன்று சொல்லிவிட்டால் நாளை அதிகாரிக்குக் காட்ட என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார். "ஒரு நாள்தானே மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

ஒரு நாள்தானே என்று நானும் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, நினைக்க ஆசைப்பட்டேன். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளுக்குப் பொய்ப் பக்கம் எழுதிக் கொடுத்து ஒரு குழந்தையை மயங்கி விழ வைத்த தற்காலிக ஆசிரியையை யார் நிரந்தரமாக்குவார்கள்? பயம். வேறொன்றும் இல்லை.

மாலையில் மனம் கேட்காமல் சரிங்கவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். பெண் எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வீட்டிலும் நீலத் தொட்டியாம். மகள் தானும் குடிக்கவில்லை, தம்பியையும் குடிக்க விடவில்லை. அப்பா மாடியேறி, இருந்த தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டுவிட்டாராம். தண்ணீர் வண்டி இனி எப்போது வரும் என்று தெரியாது, பக்கத்து வீட்டில் குடம் குடமாக வாங்குகிறோம் என்றார்.

"நல்ல வேளை மிஸ், நீங்க சொல்லிக் குடுத்தீங்க. இல்லன்னா எங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்று நன்றி வேறு சொன்னார்.

அதெல்லாம் உண்மையில்லை அம்மா என்று நான் ஆரம்பித்தேன். டாக்டரே படத்தோடு சொல்லியிருக்கிறாரே என்றார் அவர். அந்தப் பக்கத்தை எழுதியதே நான்தான் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், தயவுசெய்து கொடுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சாப்பிடும்போது கொழுந்தனிடம் சொன்னேன். எப்போதும் எதற்கும் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை. "நான் வந்து அது என் மூஞ்சின்னு சொல்லட்டுமா அண்ணி?" என்றான். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை காலை, அதிகாரி வருவதற்குள் தொட்டி விஷயம் பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. வாசலில் இரண்டு மூன்று அம்மாக்கள் நின்று காவலாளியிடம் தொட்டியைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். கணினி அறையில் பாஸ்வேர்ட் சார் ஒரு சின்னப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தார். பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்தது. "இணையம் போயிடுச்சு மேடம். இப்பத்தான் நல்லா இருந்துச்சு" என்றார். எழவு, இன்றைக்கா.

அதிகாரி அமைதியான மனிதர். கடைசி வரிசையில் பிள்ளைகளின் குட்டை முக்காலியில் முழங்கால் மடக்கி உட்கார்ந்துகொண்டார். தலைமையாசிரியை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டி வைத்தது மாதிரி இருந்தது. அலுவலக உதவியாளர் அதிகாரிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முன்னால் இருந்த சரிங்கவின் குழு அட்டையை அதிகாரி பார்த்தார்.

"என்னம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று அவளையே கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். முகம் வெளிறி இருந்தது. நீலத் தொட்டித் தண்ணீர் ஞாபகசக்தியைக் குறைக்கும், அதை மாற்ற வேண்டும் என்று ஒப்பித்தாள். அதிகாரி வாயருகே கொண்டுபோன டம்ளரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

படித்த மனிதர், கல்வி அதிகாரி, அவரே வைத்துவிட்டார். அந்த டம்ளர் தரையைத் தொட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. பாடத்திட்டம், கைதட்டல், நிரந்தரம் எதுவும் நினைவில் இல்லை. அந்தப் பெண்ணின் வெடித்த உதடுதான் தெரிந்தது.

"அந்த ஐந்தாவது பக்கம் பொய்" என்றேன். "அதை எழுதினதே நான்தான். நீங்க கண்டுபிடிக்கணும்னு வேணும்னே எழுதினேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. எல்லாரும் தண்ணி குடிங்க."

தலைமையாசிரியையின் சிரிப்பு இறங்கியது. அதிகாரி பேனாவை எடுத்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து குழாய்ப் பக்கம் போகவில்லை.

"மிஸ் டெஸ்ட் பண்றாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நம்பிடாதீங்கடா."

இல்லை, இது சோதனை இல்லை என்றேன். செய்தியாளர் வேடம் ஏற்றிருந்த பையன் எழுந்தான். கரும்பலகையில் என் கையெழுத்தில் இருந்த நான்கு கேள்விகளைக் காட்டினான். திங்கட்கிழமை யாரும் தொடாத கேள்விகள்.

"யார் சொல்றாங்க? நீங்க சொல்றீங்க. ஏன் சொல்றீங்க? சார் வந்திருக்காரு. ஸ்கூல் தண்ணி கெட்டுப்போனது அவருக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லலாம்ல மிஸ்?"

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை அச்சு மாறாமல் செய்திருந்தான், என் மேலேயே. எப்போது சொன்னேன் என்ற கேள்விக்கும் பதில் எனக்கு எதிராகவே இருந்தது. அதிகாரி வந்த பிறகுதான் சொன்னேன்.

அதிகாரி கீழே வைத்த டம்ளரை எடுத்து, அவர்கள் கண் முன்னால் ஒரே மூச்சில் குடித்தேன். அதனால் என்ன என்பது போலப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குத்தானே ஆபத்து என்று போட்டிருக்கிறது, நீங்கள் பெரியவர் என்றான் ஒருவன். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, என் கணக்கில் நுழைந்து, அவர்கள் கண் முன்னாலேயே ஒரு வரியை மாற்றிக் காட்டினால் போதும். ஆனால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, என்னிடம் இருந்ததோ பேச மட்டும் உதவும் பட்டன் போன். பாஸ்வேர்ட் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது சரிங்க பேசினாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆதாரம் என்ன மிஸ்?"

வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. அவளுடைய அட்டையின் நடுவிலிருந்து என் கொழுந்தன், அடுத்த ஆளை உள்ளே அனுப்பு என்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பில் கைபேசி எடுக்கக் கூடாது. எடுத்தேன். உடனே வா, அப்படியே வா என்று மட்டும் சொன்னேன். யாரை வரச் சொல்கிறீர்கள் என்று தலைமையாசிரியை காதோரம் வந்து கேட்டார். டாக்டரை என்றேன்.

வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும் வரை நான் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தேன், என்ன பேசினேன் என்று தெரியாது. கொழுந்தன் அறை வாசலில் வந்து நின்றான். முழங்கை வரை கருப்பு எண்ணெய், கையில் ஒரு ஸ்பேனர். அவசரத்தில் வைத்துவிட்டு வர மறந்திருக்கிறான். அதிகாரியைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அந்த டாக்டர் நான்தாங்க" என்றான்.

சில பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் நம்பாமல் அட்டையையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். டாக்டருக்குக் கண்ணாடி உண்டே என்று செய்தியாளர் மடக்கினான். கொழுந்தன் விழித்தான். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அதிகாரி எழுந்து வந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினார். இவன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, வாங்கிப் போட்டுக்கொண்டு, தாடையைச் சற்றுத் தூக்கி, அன்று பார்த்த அதே பார்வை பார்த்தான்.

சரிங்க அட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் அருகில் போனாள். படத்தை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, படத்திலும் இருந்தது. காதைப் பார்த்தாள். அவசரப்படவேயில்லை. பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள், பையைத் திறந்து அந்த நிறைந்த பாட்டிலை எடுத்தாள், குடித்தாள். கழுத்து ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி பார்த்தால் பார்க்கட்டும்.

பிள்ளைகள் குழாய்க்கு ஓடினார்கள். அறை பாதி காலியானது. தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது, வேலையும் போனது, ஆனால் பெண் தண்ணீர் குடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுந்து நின்றாள்.

"மத்த நாலு பக்கமும் யார் எழுதினது மிஸ்?"

அந்த நான்கு பக்கங்களை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்தேன். தேடியதும் முதலில் வந்தவை. எழுத்து பெரிதாக இருந்தது. இணையக் காவல் தடுக்கவில்லை. அவ்வளவுதான். என் பொய்யை வார்த்தைக்கு வார்த்தை செதுக்கிய நான், அந்த நான்கையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கரும்பலகைக் கேள்விகள் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

"தெரியாது" என்றேன்.

அவள் 'சரிங்க மிஸ்' சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நின்றுகொண்டேயிருந்தாள்.

அதிகாரி கொழுந்தனிடமிருந்து கண்ணாடியை வாங்கி, எண்ணெய்க் கறையைக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு பதில் கிடைக்கட்டும் மேடம். அதுக்கப்புறம் எழுதறேன், நல்லதோ கெட்டதோ" என்றார். ஆனால் போகவில்லை. மறுபடி அந்தக் குட்டை முக்காலியை இழுத்து, இந்த முறை சரிங்கவின் கணினிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"வந்துடுச்சு" என்றார் பாஸ்வேர்ட் சார். பெட்டியில் பச்சை எரிந்தது. அவர் ஓடி வந்து, அன்றைக்கு மட்டும் திரையை மறைக்காமல் கடவுச்சொல்லைத் தட்டினார்.

முதல் பக்கம் நிதானமாகத் திறந்தது. அவளும் அதிகாரியும் நானும் குனிந்தோம். சரிங்க மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போனாள். தலைப்பு, படம், தண்ணீர் பற்றி அந்த வாரம் முழுக்க நான் பாடமாக நடத்திய வாக்கியங்கள். பக்கத்தின் அடிக்கு வந்ததும் அவள் கை நின்றது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரபல நிபுணர்' என்று மட்டும் இருந்தது.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுவும் நீங்களா மிஸ்?"